கேமரா வையுங்கள், அதற்கு முன்னால் மஞ்சளைச் சரிசெய்யுங்கள்

நகரப் போக்குவரத்துக் காவல்துறைக்கும், சிக்னலுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் பொறியாளர்களுக்கும், கேமரா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிற அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சிவப்பு விழுந்த பிறகும் நிற்காமல் போகிறவர்களைப் பிடிக்க, சந்திப்புகளில் தானியங்கி கேமரா வைக்கும் திட்டம் உங்கள் மேசையில் இருக்கிறது. வையுங்கள், தாராளமாக வையுங்கள். "மக்கள் பணத்தைக் கொள்ளையடிக்கிறார்கள்" என்று கத்தப்போகிற கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் எந்தக் கம்பத்தில் மாட்டுவது, எத்தனை மெகாபிக்சல், ஒரு நாளைக்கு எத்தனை பேர் சிக்குவார்கள் என்றெல்லாம் பேசுவதற்கு முன்னால், அதே கம்பத்தில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் மஞ்சள் விளக்கைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நடுவில் பணத்தைப் பற்றியும் கேட்பேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் உங்களோடு ஒத்துப்போகிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சிக்னல் தாண்டுவதை நம்மில் பலர் ஒரு லேசான குறும்பு மாதிரிதான் பார்க்கிறோம், மாட்டினால் அசடு வழிவது, மாட்டாவிட்டால் கெட்டிக்காரத்தனம். ஹெல்மெட் போடாமல் போனால் மண்டை உடைவது போடாதவனுக்கு. சிவப்பில் பாய்ந்தால் பல நேரம் அடி விழுவது பச்சையை நம்பி வந்தவனுக்கு. அதுவும் பக்கவாட்டு மோதல். காருக்கு முன்னால் என்ஜின், பம்பர் என்று நசுங்குவதற்கு இடம் இருக்கிறது, பின்னால் டிக்கி இருக்கிறது. பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு கதவு, அதைத் தாண்டினால் உட்கார்ந்திருப்பவரின் விலா எலும்பு. இரு சக்கர வண்டிக்கு அந்தக் கதவும் கிடையாது, நடந்து போகிறவருக்கு எதுவுமே கிடையாது. அமெரிக்காவில் 2022-இல் மட்டும் சிவப்பு விளக்கை மீறிய வண்டிகளால் நடந்த விபத்துகளில் 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் ஏறத்தாழ பாதிப் பேர் நடந்து போனவர்கள், சைக்கிளில் போனவர்கள், இடிபட்ட வண்டியில் இருந்தவர்கள். தப்பே செய்யாதவர்கள்.

இதைப் போலீஸை நிறுத்தி மட்டும் தடுக்க முடியாது என்பதும் எனக்குப் புரிகிறது. சிவப்பில் போனவனைத் துரத்தினால் துரத்துகிறவரும் அதே சிவப்பைத் தாண்டித்தான் போயாக வேண்டும். சந்திப்புக்கு அந்தப் பக்கம் நின்று மறித்தால் அங்கே நெரிசல், வாக்குவாதம், "நான் யார் தெரியுமா" என்று ஆரம்பிக்கும் போன் கால்கள். கேமராவுக்கு யாரையும் தெரியாது. அதில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. கலிபோர்னியாவின் ஆக்ஸ்னார்ட் நகரில் 1997-இல் சில சந்திப்புகளில் மட்டும் கேமரா வைத்தார்கள். மீறல்கள் சுமார் 42 சதவீதம் குறைந்தன. கேமரா இல்லாத சிக்னல்களிலும் குறைந்தது என்பதுதான் அதில் விசேஷம், ஏனென்றால் எங்கே கேமரா இருக்கிறது எங்கே இல்லை என்று வண்டி ஓட்டுகிறவர் மனதில் கணக்கு வைத்துக்கொள்வதில்லை, பொதுவாகவே கால் பிரேக் பக்கம் போய்விடுகிறது. அந்த நகரத்து சிக்னல் சந்திப்புகளில் காயம் உண்டாக்கிய விபத்துகளும் 29 சதவீதம் குறைந்ததாக அந்த ஆய்வைச் செய்த காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு சொன்னது. காப்பீட்டுக்காரர்கள் பேச்சை நம்பலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. விபத்து குறைந்தால் அவர்களுக்கு லாபம், அந்த அளவில் நமக்கும் அவர்களுக்கும் ஆசை ஒன்றுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு, அதை உங்கள் விளக்கக் கூட்டங்களில் யாரும் காட்டமாட்டார்கள். அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 2005-இல் 7 ஊர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தது. கேமரா வைத்த சந்திப்புகளில் குறுக்கே வந்து இடிக்கும் விபத்து சுமார் 25 சதவீதம் குறைந்திருந்தது, அதே நேரம் பின்னால் வந்து முட்டும் விபத்து சுமார் 15 சதவீதம் கூடியிருந்தது. காரணம் ரகசியம் ஒன்றும் இல்லை. கேமரா பயத்தில் முன்னால் போகிறவர் சடாரென்று பிரேக் அடிக்கிறார், அவரும் போய்விடுவார், பின்னாலேயே நாமும் போய்விடலாம் என்று வருகிறவர் அவர் மேல் ஏறிவிடுகிறார். ஹூஸ்டன் நகரில் 2010-இல் மக்களே வாக்களித்துக் கேமராக்களை எடுக்கச் சொன்னார்கள். எடுத்த பிறகு என்ன ஆனது என்று ஆராய்ந்த பொருளாதார ஆய்வாளர்கள், ஒரு வகை விபத்து ஏறி இன்னொரு வகை இறங்கிவிட்டது, மொத்தக் கணக்கில் கேமராவால் விபத்து குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றார்கள். கேமராவை நிறுத்திய பல நகரங்களைச் சேர்த்துப் பார்த்த காப்பீட்டு அமைப்போ, சிவப்பு மீறலால் உயிர் போகும் விபத்து விகிதம், கேமராவைத் தொடர்ந்திருந்தால் இருந்திருக்கும் அளவை விட 30 சதவீதம் அதிகம் என்று 2016-இல் சொன்னது.

இரண்டையும் வைத்துக்கொண்டு என் கணக்கு இதுதான். பின்னால் முட்டுவதும் பக்கத்தில் இடிப்பதும் சமம் இல்லை, ஒன்றில் பெரும்பாலும் வண்டிக்குச் செலவு, இன்னொன்றில் ஆளே போகிறது. ஆனால் அந்தக் கணக்கைக் காருக்குள் இருக்கிறவர் நிம்மதியாகப் போடலாம், முன்னால் போகிற வண்டி சடாரென்று நின்றால் அதன் பின்பக்கத்தில் போய் மோதும் இரு சக்கர வண்டிக்காரருக்கு அது வெறும் வண்டிச் செலவு இல்லை. அதனால் சடார் பிரேக்கை எப்படிக் குறைப்பது என்று யோசிக்காமல் கேமராவை மட்டும் மாட்டினால் பாதி வேலைதான் செய்ததாக அர்த்தம். அதைக் குறைக்கிற வழி மஞ்சளில் இருக்கிறது.

மஞ்சள் எதற்கு? "சீக்கிரம் போய்விடு" என்பதற்கு என்று நம்மில் பலர் நம்புகிறோம், அது ஒரு தனி வியாதி, அதை விடுங்கள். சரியாக நேரம் குறிக்கப்பட்ட மஞ்சள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அது விழும் நொடியில் எங்கே இருக்கிற வண்டியாக இருந்தாலும், ஒன்று பத்திரமாக நிற்க முடிய வேண்டும், இல்லையென்றால் சிவப்பு விழுமுன் கோட்டைத் தாண்ட முடிய வேண்டும். இரண்டும் முடியாத ஒரு இடம் சாலையில் இருக்கக் கூடாது. அப்படி ஒரு இடம் இருக்க முடியும் என்பதை ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த மூன்று விஞ்ஞானிகள் 1960-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்கப் பொறியாளர்கள் மஞ்சளுக்கு நேரம் குறிக்கிற சூத்திரங்கள் பெரும்பாலும் அந்த வேலையிலிருந்து வந்தவைதான்.

நாமே போட்டுப் பார்க்கலாம், ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி வினாடிக்கு சுமார் 16.7 மீட்டர் ஓடும். மஞ்சளைப் பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி. அப்புறம், உள்ளே இருக்கிறவர்கள் முன்னால் போய் விழாத அளவுக்கு, பொறியாளர்கள் வழக்கமாக வைத்துக்கொள்கிற அளவான வினாடிக்கு வினாடி 3 மீட்டரும் சொச்சமும் என்று வேகத்தைக் குறைத்தால், வண்டி நிற்க மொத்தம் ஏறக்குறைய 62 மீட்டர் வேண்டும். இப்போது அந்தச் சந்திப்பில் மஞ்சள் 3 வினாடி என்று வையுங்கள். 3 வினாடியில் அந்த வண்டி போகக் கூடியது 50 மீட்டர். ஆக, மஞ்சள் விழும்போது கோட்டிலிருந்து 55 மீட்டரில் இருக்கிறவர் என்ன செய்வார்? நிற்க 62 மீட்டர் வேண்டும், இல்லை. தாண்ட 50 மீட்டருக்குள் இருந்திருக்க வேண்டும், அதுவும் இல்லை. சடாரென்று பிரேக் அடித்துப் பின்னால் வருகிறவரிடம் இடி வாங்க வேண்டும், அல்லது சிவப்பில் போய்க் கேமராவிடம் மாட்ட வேண்டும். அவர் வேக வரம்பை மீறவில்லை, போன் பார்க்கவில்லை, குடிக்கவில்லை. அந்த 12 மீட்டர் பொறியை வைத்தது சிக்னல் பெட்டி.

அந்த வேகத்துக்கு மஞ்சள் சுமார் 3.7 வினாடி இருந்தால் பொறி மறைந்துவிடும். 50 கிலோமீட்டர் வேகத்துக்கு சுமார் 3.3 போதும். இறக்கமாக இருந்தால் கூட்ட வேண்டும், பஸ்ஸும் லாரியும் அதிகம் போகிற சாலை என்றால், மழைக்காலம் என்றால், இன்னும் கொஞ்சம் தாராளமாக யோசிக்க வேண்டும். அதுவும் பலகையில் எழுதிய வேகத்தை வைத்துக்கொள்ளாமல், வண்டிகள் உண்மையில் அங்கே வருகிற வேகத்தை அளந்து போட வேண்டும். இதற்கு ஆகிற செலவு? ஒரு பொறியாளர் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஒரு எண்ணை மாற்றுவதற்கு ஆகிற செலவு.

மாற்றினால் என்ன ஆகும் என்று பிலடெல்பியாவில் பார்த்திருக்கிறார்கள். ரூஸ்வெல்ட் பொலிவார்ட் என்ற பெரிய சாலையில் முதலில் மஞ்சளை ஏறக்குறைய ஒரு வினாடி கூட்டினார்கள், கேமரா எதுவும் இல்லாமலேயே சிவப்பு மீறல் 36 சதவீதம் குறைந்தது. அதற்கப்புறம் கேமராவும் வைத்தார்கள், மிச்சம் இருந்ததில் 96 சதவீதம் குறைந்தது. 2008-இல் வெளியான இந்த முடிவை நான் இரண்டு தரப்புக்கும் காட்ட ஆசைப்படுகிறேன். மஞ்சளைக் கூட்டினால் போதும், கேமரா எதற்கு என்கிறவர்களுக்கு அந்த 96. கேமரா போதும், மஞ்சளை ஏன் தொட வேண்டும் என்கிறவர்களுக்கு அந்த 36. அந்த 36 சதவீதத்தை அபராதம் போட்டுத் திருத்தப் பார்த்திருந்தால் யாரிடம் வசூலித்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மஞ்சளைக் கூட்டினால் மக்கள் பழகிக்கொண்டு அதையும் சேர்த்து ஓட்டிவிடுவார்கள் என்று உங்களில் ஒருவர் சொல்வார், எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் சொல்வார். 8 வினாடி வைக்கச் சொன்னால் அது நியாயம். நான் கேட்பது கணக்கு சொல்கிற அளவை, அதற்கு மேல் வேண்டாம். கூடவே, ஒரு பக்கம் சிவப்பு விழுந்த பிறகு மறுபக்கம் பச்சை விழுவதற்குள் எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் ஒன்றிரண்டு வினாடி இருக்கிறதே, அதுவும் ஒவ்வொரு சந்திப்பின் அகலத்துக்கும் ஏற்ப இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி நொடியில் நுழைந்தவர் வெளியேறுவதற்கான நேரம் அது. அகலமான சந்திப்பில் அது குறைவாக இருந்தால், மஞ்சளில் ஒழுங்காக நுழைந்தவரே நடுவில் நின்று இடி வாங்குவார்.

எதிர்த்திசையில் போன ஊர் சிகாகோ. 2014-இல் அந்த நகரத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் தோண்டியபோது, 3 வினாடியாக இருக்க வேண்டிய மஞ்சள் 2.9 வினாடி என்று பதிவான மீறல்களுக்கும் அபராதச் சீட்டு போயிருந்தது தெரிந்தது. ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு, கண்ணிமைக்கும் நேரத்தை விடக் குறைவு. அதனால் கூடுதலாகப் போன சீட்டுகள் சுமார் 77,000, தொகை 77 லட்சம் டாலர். பத்தில் ஒரு பங்கு வினாடிக்கு இவ்வளவு விலை இருக்கிறது என்றால், அந்த எண்ணை மாற்றும் சாவி யார் கையில் இருக்கிறது என்று நாங்கள் கேட்பதில் தப்பு இல்லையே.

ஒரேகான் மாநிலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மனைவிக்குக் கேமராவிலிருந்து அபராதம் வந்ததும் ஒருவர் உட்கார்ந்து மஞ்சள் சூத்திரத்தைப் படித்தார், நேராகப் போகிற வண்டிக்குத்தான் அது பொருந்துகிறது, திரும்புவதற்காக வேகத்தைக் குறைக்கிற வண்டிக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்று கண்டுபிடித்து அதிகாரிகளுக்கு எழுதினார். மாநிலப் பொறியாளர் வாரியம் என்ன செய்தது தெரியுமா, உரிமம் இல்லாமல் பொறியியல் பேசினார் என்று அவருக்கே 500 டாலர் அபராதம் போட்டது! 2018-இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2020-இல் போக்குவரத்துப் பொறியாளர்களின் சங்கமே திரும்பும் வண்டிகளுக்கான அந்தத் திருத்தத்தைத் தன் வழிகாட்டலில் சேர்த்துக்கொண்டது. எழுதுகிறவன் பொறியாளனா இல்லையா என்று பார்க்காமல் கணக்கு சரியா என்று மட்டும் பார்த்தால் போதும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன், எனக்கும் உரிமம் கிடையாது.

சரி, கேமராவுக்கு வருவோம். சாலையில் வேகம் அளக்கும் கேமராக்களுக்கும் சிவப்பு மீறலைப் பிடிக்கும் கேமராக்களுக்கும் முன்னோடி மாரிஸ் காட்சோனிடஸ் என்ற டச்சுக்காரர், 1953-இல் மான்டி கார்லோ ராலியில் ஜெயித்த பந்தய ஓட்டுநர். வளைவுகளில் தன் வேகத்தை அளந்து இன்னும் வேகமாக ஓட்டுவதற்காகத்தான் அவர் கருவி செய்யப் போனார். கடைசியில் அது எல்லாருடைய வேகத்தையும் குறைக்கும் கருவியாகிவிட்டது.

இன்றைக்குக் கருவி மாறிவிட்டது, வேலை அதேதான். சாலைக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருளோ, ரேடாரோ, வீடியோவோ, கோட்டுக்கு முன்னால் வண்டி வருவதைக் கண்டுபிடிக்கும். சிக்னல் சிவப்பில் இருந்தால் ஒரு படம், வண்டி இன்னும் கோட்டுக்கு முன்னால் இருக்கும்போதே. அடுத்து ஒரு படம், சந்திப்பின் நடுவில். இரண்டு படமும் வேண்டும், ஏனென்றால் ஒரு படத்தில் கோட்டைத் தாண்டி நிற்கிறவர் பச்சையிலோ மஞ்சளிலோ நுழைந்து நெரிசலில் மாட்டியவராக இருக்கலாம். படத்தின் ஓரத்தில் தேதி, நேரம், சிவப்பு விழுந்து எத்தனை வினாடி ஆனது என்று அச்சாகும். என் கோரிக்கை: அதற்கு முன் மஞ்சள் எத்தனை வினாடி எரிந்தது என்பதும் அதே படத்தில், ஒவ்வொரு சீட்டிலும், பெரிய எழுத்தில் அச்சாக வேண்டும். குறிக்கப்பட்டதை விடக் குறைவாக எரிந்திருந்தால் அந்தச் சீட்டு தானாகவே ரத்தாக வேண்டும். அப்புறம் 2.9 கதை இங்கே நடக்காது.

பெரும்பாலான மீறல்கள் சிவப்பு விழுந்த முதல் ஒரு வினாடிக்குள் நடப்பவை. மஞ்சளைத் தப்பாகக் கணித்தவர்கள் அதில் நிறைய. சிவப்பு விழுந்து நாலைந்து வினாடி கழித்து, மறுபக்கம் வண்டிகள் கிளம்பிய பிறகு, ஹாரன் அடித்துக்கொண்டே நுழைகிறவர் வேறு ஆள். நியாயமாக இரண்டு பேருக்கும் ஒரே தொகை இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். சட்டத்தில் அதற்கு இடம் இல்லை என்றால், முதல் கால் வினாடியை விட்டுவிடும் சலுகையாவது வையுங்கள், பல நகரங்களில் ஏதோ ஒரு அளவில் அது இருக்கிறது. இரண்டாவது ஆள் திரும்பத் திரும்பச் சிக்கினால் அபராதத்தோடு நிறுத்தாமல் ஓட்டுநர் உரிமத்தில் கை வையுங்கள். பணம் கட்டத் தயங்காதவர்களுக்கு அபராதம் என்பது வேகமாகப் போவதற்கான கட்டணம், அவ்வளவுதான்.

விளக்கு கண்ணில் படுகிறதா என்பதையும் கொஞ்சம் வந்து பாருங்கள். கார் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரியாது. இரு சக்கர வண்டியில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். பஸ்ஸின் முதுகு மட்டும்தான் தெரியும், இடது ஓரத்துக் கம்பத்தை அது மறைக்கும், வலது ஓரத்துக் கம்பத்தை அதுவே மறைக்கும். பஸ் மஞ்சளின் கடைசியில் நுழையும், அதன் நீளம் முழுக்கக் கோட்டைத் தாண்டுவதற்குள் சிவப்பு விழுந்துவிடும், பின்னால் வருகிறவருக்கு பஸ்ஸின் மூலை விலகியபோதுதான் சிவப்பே தெரியும், அப்போது அவருடைய முன் சக்கரம் கோட்டின் மேல் இருக்கும். சந்திப்புக்கு அந்தப் பக்கம், பஸ் உயரத்துக்கு மேலே தலைக்கு நேராக இன்னொரு விளக்குத் தொகுதி இருந்தால் இந்தப் பிரச்சினை பெரும்பகுதி தீரும். மரக்கிளை மறைப்பது, பேனர் மறைப்பது, சாயங்கால வெயிலில் மூன்று விளக்கும் ஒரே மாதிரி மின்னுவது, கோடே அழிந்து போயிருப்பது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். கேமரா வைக்கிற சந்திப்பில் நிறுத்தக் கோடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதை நான் எழுதித்தான் தெரியவேண்டுமா?

ஆம்புலன்ஸ் விஷயம் தனியாக. சிவப்பில் நிற்கிறோம், பின்னால் சைரன். வழி விட வேண்டுமென்றால் முன்வரிசையில் நிற்கிறவர் கோட்டைத் தாண்டி ஓரமாக ஒதுங்கியாக வேண்டும். கேமரா அவரைப் படம் பிடிக்கும், ஆம்புலன்ஸ் அந்தப் படத்துக்குள் வராமலும் போகலாம். இப்படி ஒரு சீட்டு வந்தது என்று நாலு பேர் பேசிக்கொண்டாலே போதும், அடுத்த முறை யாரும் நகரமாட்டார்கள். ஆகவே சீட்டு அனுப்புவதற்கு முன் சில வினாடி வீடியோவை ஒரு ஆள் பார்க்க வேண்டும், ஆம்புலன்ஸுக்கு வழி விட்டால் அபராதம் கிடையாது என்று முதல் நாளிலேயே ஊரறியச் சொல்ல வேண்டும். அதேபோல, சிக்னல் சிவப்பில் இருக்கும்போதே போலீஸ்காரர் நடுவில் நின்று "போ போ" என்று கை காட்டுகிற நேரங்கள். அவர் கைக்குக் கீழ்ப்படிந்தவரைக் கேமரா குற்றவாளியாக்கும். கையால் இயக்கப் போகிறவர் முதலில் கேமராவை நிறுத்தும் ஒரு பொத்தானை அழுத்தட்டும்.

நம்பர் பிளேட் படிக்கும் மென்பொருளை ரொம்பவும் நம்பாதீர்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் 2021-இல், பஸ் தடத்தில் நடந்து போன ஒரு பெண்ணின் சட்டையில் இருந்த எழுத்துகளை நம்பர் பிளேட் என்று கேமரா எடுத்துக்கொண்டு, எங்கோ வெகுதூரத்தில் இருந்த ஒரு வேன்காரருக்கு அபராதம் அனுப்பியது. சிரிப்பாகத்தான் இருக்கிறது. அந்தச் சீட்டு நமக்கு வந்து, அதை ரத்து செய்ய வேலையை விட்டுவிட்டு மூன்று அலுவலகம் ஏற வேண்டியிருந்தால் சிரிப்பு வராது. சீட்டோடு படத்தையும் வீடியோவையும் போனிலேயே பார்க்க முடிய வேண்டும், மறுப்பையும் அங்கேயே சொல்ல முடிய வேண்டும், மறுத்தால் முதலில் பணத்தைக் கட்டு என்று கேட்கக் கூடாது, இத்தனை நாளுக்குள் பதில் வராவிட்டால் சீட்டு செல்லாது என்று உங்களுக்கும் ஒரு கெடு இருக்க வேண்டும். வண்டியை விற்றவர், வாடகைக்கு விட்டவர், போலி நம்பரால் மாட்டியவர் என்று வருகிறவர்கள் நிறைய இருப்பார்கள்.

இனி பணம். சிகாகோவின் கேமராத் திட்டம் 2003-இல் தொடங்கி ஒரு கட்டத்தில் அமெரிக்காவிலேயே மிகப் பெரியதாக வளர்ந்தது. ரெட்ஃப்ளெக்ஸ் என்ற நிறுவனம் நடத்தியது. ஒப்பந்தத்தை வளர்த்துவிட லஞ்சம் வாங்கினார் என்று நகரப் போக்குவரத்துத் துறையின் முன்னாள் உயர் அதிகாரி ஒருவருக்கு 2016-இல் 10 ஆண்டு சிறை கிடைத்தது, லஞ்சம் கொடுத்த பக்கத்தில் நிறுவனத்தின் அமெரிக்கத் தலைமை அதிகாரியும் தண்டனை பெற்றார். உயிரைக் காப்பாற்ற வைத்த கேமராக்கள்தான் அவையும். ஆனால் அதற்கப்புறம் அந்த ஊரில் யாரிடம் போய் "இது உங்கள் பாதுகாப்புக்காக" என்று சொன்னாலும் நம்புவார்களா?

அதனால் ஒரே ஒரு கேள்வியை நேராகக் கேட்கிறேன். கேமரா நிறுவனத்துக்கு எப்படிப் பணம் கொடுக்கப் போகிறீர்கள்? ஒவ்வொரு சீட்டுக்கும் இவ்வளவு என்றால் அது பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை. மீறல் குறைந்தால் அவர்களுக்கு நஷ்டம், மஞ்சள் குறுகினால் லாபம், விபத்தே நடக்காத, ஆனால் கூட்டம் அதிகமான சந்திப்பில் மாட்டினால் இன்னும் லாபம். மாதத்துக்கு இத்தனை என்று நிலையான தொகை கொடுங்கள், படம் தெளிவாக வருகிறதா, கருவி பழுதில்லாமல் ஓடுகிறதா என்பதை வைத்து அதில் கூட்டுங்கள், கழியுங்கள். ஆனால் குறைந்தபட்சம் இத்தனை சீட்டு வரும் என்று நீங்கள் உத்தரவாதம் கொடுக்கும் எந்த வரியும் ஒப்பந்தத்தில் இருக்கக் கூடாது. மஞ்சள் நேரத்தை மாற்றும் அதிகாரம் நிறுவனத்துக்கும் வேண்டாம், அபராதத்தைக் கணக்கில் வரவு வைக்கும் அலுவலகத்துக்கும் வேண்டாம். வசூலாகிற பணம் பொதுக் கணக்கில் போய்க் கரையாமல் நடைபாதைக்கும் சீப்ரா கோட்டுக்கும் அந்த இரண்டாவது விளக்குத் தொகுதிக்கும் போகட்டும். திட்டம் நன்றாக வேலை செய்தால் வசூல் ஆண்டுக்கு ஆண்டு குறையும், அதை நம்பி வரவு செலவுத் திட்டம் போட்டுவிட்டுப் பின்னால் முழிக்காதீர்கள்.

எங்கே வைப்பது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. போன ஆண்டு அதிகம் விபத்து நடந்த சந்திப்புகளைப் பொறுக்கி எடுத்துக் கேமரா வைத்தால், கேமராவே இல்லாவிட்டாலும் அடுத்த ஆண்டு அவற்றில் பல குறையத்தான் செய்யும், ஏனென்றால் மோசமான ஆண்டில் பாதி துரதிர்ஷ்டம். அந்தக் குறைவையும் சேர்த்து "எங்கள் சாதனை" என்று எழுதிக்கொள்ளும் ஆசை வரும். வேண்டாம். பல ஆண்டுக் கணக்கை எடுங்கள், அதே மாதிரி இருக்கிற, கேமரா வைக்காத சில சந்திப்புகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், பக்கவாட்டு மோதல் எத்தனை, பின்னால் முட்டியது எத்தனை, அடிபட்ட பாதசாரிகள் எத்தனை என்று பிரித்து வெளியிடுங்கள். "இந்த மாதம் இத்தனை லட்சம் பேர் சிக்கினார்கள்" என்ற செய்திக் குறிப்பு மட்டும் தயவுசெய்து வேண்டாம், அது நீங்கள் தோற்றதற்கான கணக்கு.

சாலையில் போகிற எல்லாரையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆசையும் வரும், அதற்கும் இப்போதே வேலி போடுங்கள். மீறாத வண்டியின் படம் அன்றைக்கே அழிய வேண்டும். வேறு எதற்காவது வேண்டும் என்று யாராவது கேட்டால் நீதிமன்ற உத்தரவோடு வரச் சொல்லுங்கள்.

இவ்வளவும் உங்களிடம் கேட்டுவிட்டு எங்கள் ஆட்களை விட்டுவிட்டால் நியாயமாகாது. பச்சை விழ மூன்று வினாடி இருக்கும்போதே கவுண்டவுனைப் பார்த்துக் கிளம்புகிறவர்கள், சீப்ரா கோட்டின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு நடப்பவரை முறைக்கிறவர்கள், கேமராவுக்குத் தெரியக் கூடாது என்று நம்பர் பிளேட்டை மடக்கி வைக்கிறவர்கள், இவர்களுக்காக நான் ஒரு வரிகூட வாதாட மாட்டேன். நடுராத்திரியில் ஆளில்லாத சந்திப்பில் இரண்டு நிமிடம் நிற்கச் சொன்னால் மட்டும் கொஞ்சம் வாதாடுவேன். அங்கே வண்டி வருகிறதா என்று பார்த்து மாறும் சிக்னல் வையுங்கள், காரணமில்லாத சிவப்பில் பழகுகிறவர்தான் காரணமுள்ள சிவப்பையும் சந்தேகப்பட ஆரம்பிக்கிறார்.

இப்போதைக்கு நான் கேட்பது ஒரு தாள். கேமரா வரப்போகிற சந்திப்புகள் எவை, ஒவ்வொன்றிலும் அளந்த வேகம் என்ன, சூத்திரப்படி வர வேண்டிய மஞ்சள் எத்தனை வினாடி, இன்றைக்கு எரிவது எத்தனை வினாடி, எல்லாப் பக்கமும் சிவப்பாக இருப்பது எத்தனை வினாடி. ஐந்து பத்திகள் கொண்ட ஒரு அட்டவணை. உங்கள் பொறியாளர்களிடம் முக்கால்வாசி ஏற்கெனவே இருக்கும். முதல் கேமராவை மாட்டுவதற்கு முன்னால் அதை எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளியிடுங்கள். நாங்கள் போனில் வீடியோ எடுத்து ஒவ்வொரு சந்திப்பாகச் சரிபார்த்துக்கொள்கிறோம், வித்தியாசம் இருந்தால் எழுதுகிறோம்.

இப்படிக்கு,
தினமும் உங்கள் சிக்னல்களில் நிற்கிற ஒருவன்